‘இண்டென்ச்சர்’ என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது, தமிழில் எப்படி எழுதுவது?

டர்பனில் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கொள்ளுத்தாத்தாவின் பதிவேட்டில் ‘இண்டென்ச்சர்’ என்ற சொல் இருக்கிறது. அகராதி அதற்கு ‘ஒப்பந்தம்’ என்கிறது. மின்வேலை பழகும் என் தம்பி, தானும் ‘இண்டென்ச்சர்ட்’ என்கிறான். தங்கையின் நிதிப் பாடத்தில் ‘டிரஸ்ட் இண்டென்ச்சர்’ வருகிறது. மூன்றும் ஒரே சொல்தானா? கட்டுரையில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘எங்கள் கொள்ளுத்தாத்தா 1890இல் ஒப்பந்தத்தில் நேட்டால் வந்தார். 1895இல் ஒப்பந்தம் முடிந்தது. மூன்று பவுன் வரி கட்டினார். 1911இல் ஒப்பந்தம் ஒழிந்து விடுதலை பெற்றார்.’ இது சரியா?”

மூன்றும் ஒரே சொல்தான். ஆனால் அந்த நான்கு வாக்கியங்கள் சரியில்லை. ‘ஒப்பந்தம்’ என்ற ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட்டதால்தான் பிழை வந்திருக்கிறது. அது எப்படி என்று தெரிய, சொல் பிறந்த இடத்திலிருந்து வர வேண்டும்.

உச்சரிப்பு ‘இன்-டென்-ச்சர்’. அழுத்தம் நடு அசையில் விழும். இலத்தீனில் பல்லுக்கு ‘டென்ஸ்’ என்று பெயர். பல் மருத்துவருக்கு வழங்கும் ‘டென்டிஸ்ட்’, பொய்ப்பல்லுக்கு வழங்கும் ‘டென்ச்சர்’ எல்லாம் அந்த வேரில் வந்தவை. ‘இண்டென்ச்சர்’ என்றால் பல் பல்லாக வெட்டப்பட்டது என்று பொருள். ஒப்பந்தம் என்ற பொருளே அந்தச் சொல்லின் வேரில் கிடையாது.

அச்சும் நகலெடுக்கும் கருவியும் இல்லாத காலத்து இங்கிலாந்தில் இருவர் உடன்படிக்கை செய்தால், பதப்படுத்திய ஒரே தோலில் ஒரே வாசகத்தை இரண்டு முறை எழுதுவார்கள், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக. இடையில் கொஞ்சம் இடம் விட்டு, அதில் பெரிய எழுத்தில் ஒரு சொல்லை எழுதுவார்கள். பெரும்பாலும் அது ‘சிரோகிராஃபம்’, கைப்பட எழுதியது என்று பொருள்படும் சொல். பிறகு அந்தப் பெரிய எழுத்துகளின் குறுக்கே கத்தியை ஓட்டி, நேராக இல்லாமல் வளைந்து வளைந்தோ இரம்பப் பல் போலவோ வெட்டி இரண்டாக்குவார்கள். மேல் பாதி ஒருவருக்கு, கீழ்ப் பாதி மற்றவருக்கு. பின்னாளில் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் நீதிபதிமுன் சேர்த்து வைக்க வேண்டும். பல்லோடு பல் பொருந்தி, வெட்டுப்பட்ட எழுத்துகளின் தலையும் காலும் ஒட்டினால் பத்திரம் மெய். வாசகத்தைப் பார்த்து எழுதிப் போலி செய்யலாம். ஆனால் எதிராளியின் கையில் இருக்கும் பாதியோடு வெட்டு பொருந்துமாறு ஒரு தோலை வெட்டுவது எளிதல்ல.

மூன்று பிரதி எழுதும் வழக்கமும் இருந்தது. 1195இலிருந்து இங்கிலாந்து அரசு, நிலம் பற்றிய ஒருவகை உடன்படிக்கைகளுக்கு அடியில் மூன்றாவது பிரதி எழுதி அதைத் தன் கருவூலத்தில் வைத்துக்கொண்டது. பக்கத்தின் அடியில் இருந்ததால் அதற்குப் பெயர் ‘ஃபுட்’. இருவர் கையிலிருந்த தோல்களில் பல தொலைந்து போயின. அரசு வைத்துக்கொண்ட அந்த அடிப் பகுதிகள் ஆயிரக்கணக்கில் இன்றும் ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

நம் மரபில் இதற்குப் பக்கத்தில் நிற்பது சுந்தரரின் ஆளோலை. திருமணப் பந்தலில் கிழவர் ஓலையை நீட்டுகிறார், சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு வருகிறது. அங்கே மூலம், படி என்று இரண்டு தரம் உண்டு, மெய்யைக் காட்டுவது கையெழுத்து. இண்டென்ச்சரில் மூலம், படி என்ற பேச்சே இல்லை. இரண்டு பாதியும் மூலம். மெய்யைக் காட்டுவது வெட்டு. இருவர் கையிலும் சம எடையுள்ள தாள் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பத்திரத்தின் கருத்து. இதை மனத்தில் வையுங்கள், டர்பன் அடங்கிய அன்றைய பிரித்தானியக் காலனியான நேட்டாலுக்கு வரும்போது தேவைப்படும்.

இதன் எதிர்ச்சொல்லையும் தெரிந்துகொண்டால் பொருள் தெளிவாகும். ஒருவர் மட்டும் செய்யும் பத்திரத்துக்குப் பாதி தேவையில்லை, அதனால் அதன் ஓரத்தை நேராக மழித்தாற்போல வெட்டினார்கள். தலைமுடி மழிப்பதற்கான பழைய சொல்லைக் கொண்டு அதை ‘டீட் போல்’ என்றார்கள். இங்கிலாந்தில் பெயர் மாற்றுகிறவர்கள் இன்றும் எழுதுவது அதுதான். இண்டென்ச்சரின் ஓரம் பல்லாக இருக்க வேண்டும் என்ற சட்டத் தேவை 1845இல் நீங்கியது. நேராக வெட்டிய தாளுக்கும் பல்லின் பெயரே நிலைத்தது. தமிழ்நாட்டில் ஆங்கிலத்தில் எழுதிய பழைய கிரயப் பத்திரங்கள் ‘திஸ் இண்டென்ச்சர்’ என்று தொடங்குவதைப் பார்க்கலாம். நம் தென்னாப்பிரிக்க வீட்டுப் பத்திரத்தில் அது வராது. இங்கே நிலச் சட்டம் ரோமன்-டச்சு வழி வந்தது, பத்திரத்தின் பெயர் ‘டீட் ஆஃப் டிரான்ஸ்ஃபர்’.

இனி தம்பியின் பொருள். கைத்தொழில் பழக ஒரு பையனை ஆசானிடம் விடும்போது இருபக்கமும் எழுதிக்கொண்ட பத்திரமும் இண்டென்ச்சர்தான். ஆசான் தொழில் கற்றுக்கொடுத்துச் சோறும் தங்க இடமும் தர வேண்டும், பையன் குறித்த ஆண்டு வரை விட்டு ஓடாமல் வேலை செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் காலத்தை ஏழு ஆண்டு என்று வைத்தது. இந்தப் பொருளில் சொல் பன்மையில் வரும். ‘சர்வ்ட் ஹிஸ் இண்டென்ச்சர்ஸ்’ என்றால் பழகுநர் காலத்தை முழுதாக முடித்தான் என்று பொருள்.

காலம் முடிந்ததும் அதே தாளின் முதுகில் விடுவிப்பு எழுதித் தருவார்கள். பெஞ்சமின் பிராங்ளின் கதையில் இது நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் பழகுநராக ஒப்பமிட்டார். அண்ணன் செய்தித்தாள் அச்சிடக் கூடாது என்று பாஸ்டன் ஆட்சியாளர்கள் தடுத்தபோது, தம்பி பெயரில் தாளை நடத்துவதற்காக அண்ணன் பழைய இண்டென்ச்சரின் முதுகில் விடுவிப்பு எழுதிக் கொடுத்தார். மீதி ஆண்டுகளுக்கு இரகசியமாகப் புதியது ஒன்று எழுதிக்கொண்டார்கள். பிறகு சண்டை வந்தது. இரகசியத் தாளை அண்ணனால் வெளியே காட்ட முடியாது என்று தெரிந்து, 1723இல் பிராங்ளின் கிளம்பிப் போய்விட்டார். உங்கள் தம்பி ‘இண்டென்ச்சர்ட்’ என்பது இந்த வழியில் வந்தது. அவனைக் குறித்துத் தமிழில் எழுதினால் ‘பழகுநர் ஒப்பந்தத்தில் இருக்கிறான்’ என்று எழுதுங்கள். ‘ஒப்பந்தத் தொழிலாளி’ என்று எழுதினால் படிப்பவர் கரும்புத் தோட்டத்தை நினைப்பார்.

கொள்ளுத்தாத்தாவின் பொருள்தான் இவற்றில் கனமானது. அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கக் காலனிகளுக்குப் போகப் பணம் இல்லாத ஆங்கிலேயர்கள், பயணச் செலவுக்கு ஈடாகச் சில ஆண்டு உழைப்பை எழுதிக் கொடுத்ததும் இதே சொல்லில்தான் நடந்தது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டக்காரர்கள் இந்தியாவை நோக்கித் திரும்பினார்கள். மொரீசியசில் 1834இல் தொடங்கியது. நேட்டால் அரசு 1859இன் 14ஆம் சட்டத்தால் வழி செய்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைக்கு வந்தது. 1866க்குப் பிறகு ஆள் வரவு நின்றது. திரும்பிப் போனவர்கள் 1871இல் சென்னையில் தங்களுக்கு நேர்ந்த கொடுமைகளைச் சொன்னதால் விசாரணைக் குழு அமைந்தது, 1874இல் வரவு மறுபடி தொடங்கியது. 1911 வரை வந்தவர்கள் மொத்தம் 1,52,184 பேர். சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள், தமிழரும் தெலுங்கரும்.

பொதுவான நிபந்தனை ஐந்து ஆண்டு. ஆணுக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. அதோடு உணவுப் படி, இருப்பிடம், மருத்துவம். ஐந்து ஆண்டு முடித்து, மேலும் ஐந்து ஆண்டு காலனியில் இருந்தால் ஊர் திரும்ப இலவசப் பயணம்.

தாளில் பார்த்தால் இரு தரப்புக்கும் கடமை உண்டு. ஆனால் ஒப்பமிட்ட ஆளுக்கு முதலாளி யார் என்றே தெரியாது. எந்தத் தோட்டம், யாரிடம் என்பது டர்பனில் இறங்கிய பிறகு அதிகாரிகள் பிரித்துக் கொடுக்கும்போதுதான் முடிவாகும். பல் பொருந்த வேண்டிய மறு பாதியில் யார் பெயர் வரும் என்று தெரியாமல் ஒருவர் தன் ஐந்து ஆண்டை எழுதிக் கொடுத்தார்.

‘ஒப்பந்தம்’ என்ற தமிழ்ச்சொல் மறைத்துவிடும் செய்தி இன்னொன்று உண்டு, அதைத்தான் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் மற்றவர் உரிமையியல் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம், அவ்வளவுதான். இண்டென்ச்சரில் இருந்த தொழிலாளி வேலைக்கு வராவிட்டாலோ, வேலையை விட்டுப் போனாலோ அது குற்றம். குற்றவியல் நீதிமன்றம், அபராதம், சிறை. எழுத்துச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே அகப்பட்டால் கைது செய்யலாம். மொரீசியசில் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கும் வழக்கம் இருந்தது, ‘டபுள் கட்’ என்பார்கள். முதலாளி கூலி தராமல் இழுத்தால் அவருக்குச் சிறை இல்லை. தொழிலாளி போய் முறையிட வேண்டும், முறையிடப் போகவே அதே முதலாளியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இந்தச் சமமின்மை அடங்கிய சொல்தான் இண்டென்ச்சர். வேலையை விட்டால் சிறை என்பது இல்லாத எதற்கும் வரலாற்றுப் பொருளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. இன்றைய ஒப்பந்த ஊழியரை ‘இண்டென்ச்சர்ட்’ என்று எழுதுவது பிழை, ‘காண்டிராக்ட்’ என்றே சொல்ல வேண்டும்.

பாலசுந்தரம் வழக்கு இதற்குக் கண்முன் சாட்சி. 1894இல் டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். கிழிந்த உடை, கையில் தலைப்பாகை, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் இரத்தம். முதலாளி அடித்த அடி. அவர் பேசியதைக் காந்தியின் தமிழ் எழுத்தர் மொழிபெயர்த்தார். காந்தி உடனே மருத்துவச் சான்று வாங்கினார், நீதிபதியிடம் முறையிட்டார். ஆனால் பாலசுந்தரம் வேலையை விட்டு விலக முடியாது, விலகினால் குற்றவாளி அவரே ஆவார். இரண்டே வழிகள் இருந்தன. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி அந்த இண்டென்ச்சரை ரத்துசெய்யவோ வேறொருவருக்கு மாற்றவோ வேண்டும், அல்லது முதலாளி தானே விட வேண்டும். முதலாளி மாற்றத்துக்கு இசைந்ததால், காந்தி வேறொரு முதலாளியைத் தேடிப் பிடித்து இண்டென்ச்சரை அவர் பெயருக்கு மாற்றினார். பாலசுந்தரத்தின் ஆண்டுகள் குறையவில்லை, எசமான் மட்டும் மாறினார். ஆங்கிலத்தில் ‘டிரான்ஸ்ஃபர் ஆஃப் இண்டென்ச்சர்’ என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். அது வேலை மாற்றம் அல்ல, ஆளின் மீதமுள்ள காலம் கைமாறுவது.

அப்படியானால் அடிமை என்று எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுத வேண்டாம். அடிமை என்பவர் உடைமை. அவருக்கு முடிவுநாள் கிடையாது, அவர் பிள்ளையும் உடைமை. இண்டென்ச்சரில் நாள் குறித்த முடிவு உண்டு, கூலி உண்டு, பிள்ளை எழுதிக் கொடுத்த பொருள் அல்ல. ‘கொத்தடிமை’யும் பொருந்தாது. அது கடன் தீரும் வரை, சில வேளை தலைமுறை கடந்தும் கட்டிப்போடுவது. அடிமை முறையைப் போலவே கொடுமை நடந்தது என்று சொல்லலாம். நடந்ததைச் சொன்னாலே போதும், பெயரை மாற்றத் தேவையில்லை.

உங்கள் வாக்கியம் தடுமாறிய இடத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்தச் சொல் மூன்று அளவில் ஓடுகிறது. முதலில் தாள்: ‘ஷி சைன்ட் ஆன் இண்டென்ச்சர்’. அடுத்தது காலம்: ‘அண்டர் இண்டென்ச்சர்’, ‘ஹிஸ் இண்டென்ச்சர் எக்ஸ்பயர்ட்’. மூன்றாவது முழு ஏற்பாடு: ‘தி எண்ட் ஆஃப் இண்டென்ச்சர்’. தாளைக் குறிக்கும்போது எண்ணலாம், ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஆன்’ முன்னால் வரும், அல்லது பன்மை வரும். ஏற்பாட்டைக் குறிக்கும்போது எண்ண முடியாது, ‘ஆன்’ வராது. இந்தச் சிறு குறியைப் பார்த்தாலே எது என்று பிடிபடும். தமிழில் அந்தக் குறி இல்லை. அதனால் மூன்றுக்கும் மூன்று சொல் வைத்துக்கொள்வதுதான் வழி. தாளுக்கு ‘ஒப்பந்த முறி’, காலத்துக்கு ‘ஒப்பந்தக் காலம்’, ஏற்பாட்டுக்கு ‘ஒப்பந்தக் கூலி முறை’.

‘முறி’ என்பதை வேண்டுமென்றே சொல்கிறேன். பழந்தமிழில் முறி என்றால் முறித்த துண்டு, எழுதிக் கொடுத்த பத்திரமும் முறிதான். இலங்கைத் தமிழர் இன்றும் கடன்பத்திரத்தைப் ‘பிணைமுறி’ என்கிறார்கள். வெட்டிய துண்டும் கட்டுப்படுத்தும் எழுத்தும் ஒரே சொல்லில் இருப்பதால், இண்டென்ச்சருக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ‘உடன்படிக்கை’ நாடுகளுக்கு நடுவே வரும் சொல்லாகிவிட்டது. ‘சாசனம்’ கல்லையும் செம்பையும் நினைவூட்டும்.

‘ஒப்பந்தக் கூலி’ என்று ஆளைக் குறிப்பதில் ஒரு கவனம் வேண்டும். தமிழில் கூலி என்பது உழைப்புக்கான ஊதியம், இழிவு இல்லை. தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல் இந்தியர் எல்லாரையும் இழித்துப் பேசும் வசைச்சொல்லாக நெடுங்காலம் வீசப்பட்டது. உங்கள் மலரைப் படிக்கும் பாட்டிமார்களுக்கு அது இன்னும் சுடும். முறையைச் சொல்லும்போது ‘கூலி’ இருக்கட்டும், ஆளைச் சொல்லும்போது ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்று எழுதுங்கள். அவர்களே சொல்லிக்கொண்ட பெயர் ஒன்றும் உண்டு. ‘அக்ரிமெண்ட்’ என்பது வட இந்தியர் வாயில் ‘கிர்மிட்’ ஆகி, அதில் இருந்தவர் ‘கிர்மிட்டியா’ ஆனார். காந்தியும் நேட்டாலைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை விளக்குகிறார்.

வெளிநாடு போன எல்லாத் தமிழரும் இண்டென்ச்சரில் போகவில்லை. பர்மாவுக்குப் பெரும்பாலும் மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப் போனார், இலங்கைத் தேயிலைக்குக் கங்காணி. அங்கே கட்டியது கடன். மொரீசியசில் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டில், புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் போய்விட்டார்கள். பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் நடந்தது இதே போன்ற ஏற்பாடுதான், ஆனால் அங்கே சொல் ‘ஆங்காஜ்மான்’, ஆள் ‘ஆங்காஜே’. நேட்டாலுக்கே சொந்தச் செலவில் கப்பல் ஏறி வந்தவர்களைப் ‘பாசெஞ்சர் இண்டியன்’ என்பார்கள். குடும்பத்தில் எவர் எந்த வழியில் வந்தார் என்று தெரியாமல் எல்லாருக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடக் கூடாது.

தெரிந்துகொள்ள வழி உண்டு. இண்டென்ச்சரில் நேட்டால் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் உண்டு. கப்பல் பட்டியலில் அந்த எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம், வந்த நாள் எல்லாம் வரிசையாக இருக்கும். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்களைப் பார்க்கலாம். எண் தெரிந்தால் அதைக் கொண்டு தேடுங்கள், பெயரைக் கொண்டு தேடினால் பெரும்பாலும் வழி தவறும். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அதனால் ஒரே ‘முனியம்மா’ பல எழுத்துக்கோப்பில் இருப்பார். குடும்பப் பெயரும் உதவாது. தாத்தாவின் சொந்தப் பெயரே பின்னால் குடும்பப் பெயராகியிருக்கலாம், கவுண்டர் ‘கவெண்டர்’ ஆகியிருக்கலாம். எண் கிடைக்காவிட்டால் பிறப்பு, திருமணச் சான்றுகளில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் எழுதிய எண் இருக்கிறதா என்று பாருங்கள், அங்கே எழுதி வைத்த வழக்கம் உண்டு.

ஊர்ப் பெயரில் இன்னொரு பள்ளம். ‘ஜில்லா’ என்பது அன்றைய மாவட்டம், இன்றையதோடு பொருந்தாது. ‘சிங்கிள்புட்’ என்றால் இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் எதுவாகவும் இருக்கலாம். ‘ஆற்காட் நார்த்’ என்று இருந்தால் உடனே வேலூர் என்று எழுதிவிடாதீர்கள். 1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டில்தான் இருந்தது, உங்கள் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். ‘சேலம்’ என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பகுதிகளும் அடங்கும். தாலுகாப் பெயரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று பவுன் வரிக்கு வருகிறேன். 1895இன் 17ஆம் சட்டம், ஒப்பந்தக் காலம் முடிந்து ஊர் திரும்பாமலும் மறுபடி இண்டென்ச்சரில் சேராமலும் தங்குகிறவர் ஆண்டுக்கு மூன்று பவுன் கட்ட வேண்டும் என்றது. மூன்று பவுன் அறுபது ஷில்லிங். முதல் ஆண்டுக் கூலியில் அது ஆறு மாதச் சம்பளம். அந்தத் தொகையைக் கட்ட முடியாமல்தான் பலர் மறுபடி மறுபடி எழுதிக் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில் ‘ரீ-இண்டென்ச்சர்’ என்ற சொல் பதிவேடுகளில் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம். பின்னர் வளர்ந்த பிள்ளைகளுக்கும் வரி நீண்டது. 1913 வேலைநிறுத்தத்தில் நேட்டால் தமிழர் ஆயிரக்கணக்கில் எழுந்தது இதை எதிர்த்துத்தான், 1914இல் வரி நீங்கியது. ஆனால் அந்தச் சட்டம் அது வந்த பிறகு ஒப்பமிட்டு வந்தவர்களுக்கே. 1890இல் வந்த உங்கள் கொள்ளுத்தாத்தா மேல் அது விழவில்லை. அவர் கட்டினார் என்று வீட்டில் சொல்வது உண்மையென்றால், அவர் வந்த ஆண்டைப் பட்டியலில் மறுபடி சரிபாருங்கள்.

1911இல் முடிந்தது நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது. இந்திய அரசு ஜூலை 1 முதல் தடுத்தது. அந்த நாளில் தோட்டத்தில் இருந்தவர்கள் தங்கள் ஐந்து ஆண்டை முடித்துத்தான் வெளியே வந்தார்கள், கடைசியாக வந்தவர்களுக்கு அது 1916 வரை போனது. ஏற்பாட்டின் முடிவு வேறு, ஆளின் முடிவு வேறு.

தங்கையின் ‘டிரஸ்ட் இண்டென்ச்சர்’ சுருக்கமாக முடிந்துவிடும். நிறுவனம் பலரிடம் கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டும்போது, வட்டி எவ்வளவு, எப்போது, எதைச் செய்யக் கூடாது என்பதையெல்லாம் ஒரே பத்திரத்தில் எழுதி, பத்திரம் வாங்கியவர்கள் சார்பில் ஓர் அறங்காவலரை அமர்த்தும். அந்தப் பத்திரம்தான் அது. அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கே உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் இங்கிலாந்திலும் ‘டிரஸ்ட் டீட்’ என்பதே வழக்கு. தேர்வில் ‘டிபென்ச்சர்’ என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கடன்பட்டிருக்கிறது என்ற இலத்தீன் சொல்லில் வந்தது, பல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது கடன்பத்திரம், இது அதன் நிபந்தனைப் பத்திரம். கிடங்கிலிருந்து பொருள் கேட்டு எழுதும் ‘இண்டெண்ட்’ மட்டும் நம் சொல்லின் தங்கை. இரட்டைப் பிரதி எழுதிக் கிழித்துக் கொடுத்ததால் அந்தப் பெயர். பத்தியின் முதல் வரியை உள்தள்ளுவதும் அதே வேர்தான்.

ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால்: ஒருவரிடம் கட்டுப்பட்டவர் ‘இண்டென்ச்சர்ட் டு’ என்று வரும், ‘வித்’ வராது. ‘இண்டென்ச்சர்ட் ஸ்லேவ்’ என்ற தொடரே பிழை. ‘எக்ஸ்-இண்டென்ச்சர்ட்’ என்றால் காலம் முடிந்தவர், அன்றைய பதிவேடுகள் அவரைப் பெரும்பாலும் ‘ஃப்ரீ இண்டியன்’ என்று குறிக்கும்.

உங்கள் வாக்கியங்களை நான் இப்படித் திருத்துவேன்: ‘எங்கள் கொள்ளுத்தாத்தா 1890இல் சென்னையில் ஒப்பந்த முறியில் ஒப்பமிட்டு நேட்டால் வந்தார். 1895இல் அவருடைய ஒப்பந்தக் காலம் முடிந்தது, அன்றே விடுதலை பெற்றார். அதே ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த மூன்று பவுன் வரி அவருக்குப் பின் வந்தவர்கள் மேல் விழுந்தது. 1911இல் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் அனுப்புவது நின்றது.’ காலனி எண் கிடைத்தால் முதல் வாக்கியத்தில் பெயருக்கு அடுத்து அதையும் சேருங்கள்.